ஏர் மாடலிங் பண்ணி அனுமதி வாங்கணுமா? ரன் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கணும்

புதுசா ஒரு பாய்லரோ ஜெனரேட்டரோ கிரஷரோ வைக்கப் போறீங்க, அதோட புகையும் தூசியும் வேலிக்கு வெளிய இருக்கிற ஜனங்க சுவாசிக்கிற காத்துல எவ்வளவு கூடும்னு காட்டச் சொல்றாங்க, ஆனா மெஷினே இன்னும் வரல, அளக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, அப்போ கணக்கு போட்டுத்தான் காட்டியாகணும். அந்தக் கணக்குதான் ஏர் டிஸ்பெர்ஷன் மாடலிங். நிறைய பேரு இத ஒரு சாஃப்ட்வேர் வேலைன்னு நெனச்சு நேரா சாஃப்ட்வேர் கத்துக்க ஓடுறாங்க. என்னக் கேட்டா மாடல ஓட்றது கடைசி வேலை, இருக்கறதுலயே சுலபமான வேலையும் அதுதான். பாஸா ஃபெயிலாங்கறது அதுக்கு முன்னாடி நீங்க எடுத்து வைக்கிற அஞ்சாறு நம்பர்லயே முடிவாகிடுது. அதனால இங்க எந்த மெனுல எந்த பட்டன்னு சொல்லப் போறதில்ல, அந்த நம்பர்கள எப்படி எடுக்கறது, எங்க வழுக்கும், ரிசல்ட் வந்ததும் எதப் பாக்கணும், இத மட்டும் சொல்றேன்.

எந்த மாடல்?

இத ரொம்ப யோசிக்க வேணாம், உங்க ரெகுலேட்டர், அதாவது அனுமதி குடுக்கற அதிகாரி, எத ஏத்துக்கறாரோ அதுதான். பல நாட்டுல ஏர்மாட் (AERMOD) ஓடுது, அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2005ல அத அதிகாரபூர்வ மாடலா அறிவிச்சு பழைய ஐஎஸ்சி3ய ஓரங்கட்டுச்சு, சோர்ஸ் கோடோட இலவசமா கெடைக்குது, காசு குடுத்து வாங்கறது எல்லாம் அதுக்கு மேல போத்தின விண்டோதான். பிரிட்டன்ல ஏடிஎம்எஸ் அதிகம், ஜெர்மனில ஆஸ்டல். ஏர்மாட் மாதிரி மாடல்கள 50 கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்பணும்னு இபிஏ கைட்லைனே சொல்லுது. அதத் தாண்டின தூரம், இல்ல ஓசோன் மாதிரி காத்துலயே கெமிக்கல் ரியாக்ஷன்ல உருவாகற சமாச்சாரம்னா சிமேக், கேம்எக்ஸ் மாதிரி பெரிய மாடல்களுக்குப் போகணும், அது தனி உலகம், இங்க அத தொடல. ஒரு சின்ன விஷயம், ஏர்மாடோட வெர்ஷன் நம்பர் 24142ன்னு இருந்தா அது 2024ஆம் வருஷத்தோட 142ஆவது நாள்னு அர்த்தம். ரிப்போர்ட்ல வெர்ஷன கண்டிப்பா எழுதுங்க, பழைய வெர்ஷன்ல ஓட்டிட்டுப் போனா மொத கேள்வியே அதுதான் வரும்.

லிமிட்டுங்கறது வெறும் ஒரு நம்பர் இல்ல

ரூல் புக்குல இருக்கற நம்பர மட்டும் எழுதிட்டு வந்துடாதீங்க, அது எத்தன மணி நேர சராசரி, எத்தனாவது பெரிய வேல்யூவோட ஒப்பிடணும், எத்தன வருஷத்துக்கு, இது மூணும் சேந்தாதான் லிமிட். உதாரணமா அமெரிக்காவுல எஸ்ஓ2க்கு (சல்ஃபர் டை ஆக்சைடு) 1 மணி நேர லிமிட் 75 பிபிபி (நூறு கோடி பங்கு காத்துல 75 பங்கு), ஆனா வருஷத்துல ஒவ்வொரு நாளும் வர்ற பெரிய 1 மணி நேர வேல்யூ, அதாவது டெய்லி மேக்ஸ், எல்லாத்துலயும் 99ஆவது பெர்சன்டைல், அதாவது 4ஆவது பெரிய நம்பர எடுத்து வருஷங்களுக்கு சராசரி போடணும். என்ஓ2க்கு (நைட்ரஜன் டை ஆக்சைடு) 100 பிபிபி, அதுக்கு 98ஆவது பெர்சன்டைல், அது 8ஆவது பெரிய நம்பர். மாடல் குடுக்கறது ஒரு கனமீட்டர் காத்துக்கு இத்தன மைக்ரோகிராம்னு, அதனால 75 பிபிபிங்கறது 196, 100 பிபிபிங்கறது 188ன்னு மாத்திக்கிட்டு ஒப்பிடணும். இந்தியாவோட 2009 ஸ்டாண்டர்டுல பிஎம் 2.5க்கு (ரொம்ப நுண்ணிய தூசி) 24 மணி நேர லிமிட் 60 மைக்ரோகிராம், வருஷ சராசரி 40, அதுல 24 மணி நேர வேல்யூ வருஷத்துல 98 சதவீத நேரம் லிமிட்டுக்குள்ள இருக்கணும், மிச்ச 2 சதவீதத்துல தாண்டலாம் ஆனா தொடர்ந்து ரெண்டு நாள் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது வருஷத்துக்கு 5, 24 மணி நேரத்துக்கு 15, ஆனா அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்ல. ரிப்போர்ட்ல எதோட ஒப்பிடறோம்னு கொழப்பிக்காதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, மாடல்ல வர்ற மொத பெரிய நம்பருக்கும் 8ஆவது பெரிய நம்பருக்கும் நடுவுல சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்கும். மொத நம்பரப் பாத்துட்டு ஃபெயிலுன்னு பயந்து லட்சக்கணக்குல ஃபில்டர் வாங்கறவங்களும் உண்டு, வருஷ சராசரிய மட்டும் பாத்துட்டு சந்தோஷமா போய் 1 மணி நேர லிமிட்ல மாட்டிக்கறவங்களும் உண்டு.

ஓட்டறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர்ட்ட பேசிடுங்க

மாடலிங் புரோட்டோகால்னு ஒண்ணு எழுதணும், நாலஞ்சு பக்கம் போதும். எந்த மாடல், எந்த மெட் ஸ்டேஷன் (வானிலை நிலையம்), எந்த வருஷங்கள், எந்த பேக்ரவுண்ட் மானிட்டர் (காத்துல ஏற்கனவே இருக்கற மாச அளக்கற கருவி), எந்தெந்த சோர்ஸ் (புகையோ தூசியோ கெளம்பற எடம்), ரிசெப்டர் (மாடல் கணக்கு போடற புள்ளி) எப்படி வைக்கப் போறீங்க, என்ஓ2வுக்கு எந்த முறைன்னு எழுதி அவங்க ஓகே சொன்னதும் ஆரம்பிங்க. சில எடத்துல இது கட்டாயமே இல்ல, இருந்தாலும் பண்ணுங்க, ஏன்னா மூணு மாசம் கழிச்சு "அந்த மெட் ஸ்டேஷன் எங்களுக்கு ஓகே இல்ல"ன்னு ஒரே ஒரு வரி மெயில் வந்தா மொத்தமும் மறுபடி மொதல்ல இருந்து. வாய்ல பேசினதயும் மெயில்ல போட்டு வச்சுக்கங்க, அந்த சீட்ல இருக்கற ஆபீசர் மாறிடுவாரு.

எமிஷன் கணக்கு, இங்கதான் நிறைய பேரு விழறாங்க

மாடலுக்கு எமிஷன், அதாவது வெளிய விடற மாசு, செகண்டுக்கு கிராம்ல வேணும். மணிக்கு கிலோ கணக்குல இருந்தா 3.6ஆல வகுக்கணும், அதாவது மணிக்கு 1 கிலோன்னா செகண்டுக்கு 0.278 கிராம். இது சுலபம். சிக்கல் எங்க வருதுன்னா மெஷின் கம்பெனி குடுக்கற கேரண்டி பேப்பர்ல "50 மில்லிகிராம் பர் நார்மல் கனமீட்டர், டிரை, 3 சதவீத ஆக்சிஜன்"னு போட்டிருப்பாங்க, அதாவது 0 டிகிரி, ஈரம் இல்லாத, 3 சதவீத ஆக்சிஜன் இருக்கற புகைக்கு மாத்தின கணக்கு, நம்மாளு அத அப்படியே ஸ்டேக்ல (புகைபோக்கி) போற காத்தோட அளவால பெருக்கிடுவாரு.

ஒரு ஸ்டேக் எடுத்து கணக்கு போட்டுப் பாப்போம். உள் விட்டம் 1.2 மீட்டர், வேகம் செகண்டுக்கு 15 மீட்டர், வெப்பம் 150 டிகிரி, ஈரம் 10 சதவீதம், ஆக்சிஜன் 8 சதவீதம்னு வைங்க. குறுக்கு பரப்பு 1.131 சதுர மீட்டர், அப்போ வெளிய போற சூடான காத்து செகண்டுக்கு 16.96 கனமீட்டர். இத நேரா 50ஆல பெருக்கினா 0.848 கிராம் வருது, தப்பு. மொதல்ல வெப்பத்த சரி பண்ணணும், 273.15ஐ 423.15ஆல வகுத்து பெருக்கினா 10.95, அதுல ஈரத்த கழிச்சா 9.85 டிரை நார்மல் கனமீட்டர். இப்போ ஆக்சிஜன், 20.9ல 8 போக 12.9, 20.9ல 3 போக 17.9, ரெண்டையும் வகுத்தா 0.72, அதனால 3 சதவீதத்துல 50ன்னு சொன்னது 8 சதவீதத்துல 36 தான். 9.85ஐ 36ஆல பெருக்கினா செகண்டுக்கு 0.355 கிராம். மொதல்ல வந்த 0.848 எங்க, இது எங்க, ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், அதுவும் மாடலத் தொடறதுக்கு முன்னாடியே. இதே தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும், அளந்த ஆக்சிஜன் ரெஃபரன்ஸ விட கம்மியா இருந்தா உண்மை எமிஷன் கூடும், அப்போ நீங்க கம்மியா காட்டிட்டு மாட்டிக்குவீங்க. இன்னொண்ணு, நார்மல்னா எல்லா எடத்துலயும் 0 டிகிரி இல்ல, சில நாட்டு ரூல்ல 20, சிலதுல 25, அதயும் பாத்துக்கங்க.

கேரண்டியும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இல்லன்னா எமிஷன் ஃபேக்டர், அதாவது இந்த வேலைக்கு இவ்வளவு மாசுங்கற பொது சராசரி, அதுக்கு இபிஏவோட ஏபி-42 தொகுப்புதான் எல்லாரும் எடுக்கறது. அதுல ஒவ்வொரு ஃபேக்டருக்கும் ஏ, பி, சின்னு ரேட்டிங் இருக்கும், கடைசி தரமான ஈ ரேட்டிங் ஃபேக்டர எடுத்து வச்சிட்டு மூணாவது தசமம் வரைக்கும் ரிசல்ட் எழுதறதுல அர்த்தம் இல்ல.

அப்புறம், 1 மணி நேர லிமிட்டுக்கு மேக்ஸிமம் மணி எமிஷன், வருஷ லிமிட்டுக்கு வருஷ சராசரி எமிஷன், ரெண்டுக்கும் ஒரே நம்பர போடாதீங்க. எமர்ஜென்சி ஜெனரேட்டர் மாதிரி எப்பவாவது ஓடற மெஷின என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வரும், அமெரிக்காவுல 2011ல வந்த ஒரு மெமோ 1 மணி நேர என்ஓ2 கணக்குல இந்த மாதிரி இடைஇடைய ஓடறத விட்டுடலாம்னு வழி குடுத்துச்சு. உங்க ரெகுலேட்டர் என்ன சொல்றாருன்னு புரோட்டோகால்லயே கேட்டுடுங்க.

ஸ்டேக் விவரம்

உயரம், வெப்பம், வேகம், உள் விட்டம், இந்த நாலும் டிராயிங்ல இருந்து எடுக்காம சைட்ல நேர்ல பாத்து எடுக்கறது நல்லது. குறிப்பா மேல தொப்பி இருக்கான்னு தல தூக்கிப் பாருங்க. மழைத் தொப்பி போட்ட ஸ்டேக்ல புகை மேல சீறாம சுத்தி சிதறிடும், பக்கவாட்டுல திரும்பின பைப்னாலும் அதே கதைதான், இதுக்கு ஏர்மாட்ல தனி சோர்ஸ் வகையே இருக்கு. தொப்பி போட்டத தொப்பி இல்லாத மாதிரி ஓட்டினா நம்பர் கம்மியா வரும், இன்ஸ்பெக்ஷன்ல ஒருத்தர் ஒரு ஃபோட்டோ எடுத்தாருன்னா முடிஞ்சுது. பேசாம அந்தத் தொப்பியக் கழட்டிட்டு மழைத் தண்ணி உள்ள இறங்காத வேற டிசைன் போடுங்க, காசு கம்மி, பலன் ரொம்ப பெருசு. வெப்பத்த கெல்வின்ல போடணும், 150ன்னு செல்சியஸ அப்படியே அடிச்சா மைனஸ் 123 டிகிரி புகைன்னு மாடல் எடுத்துக்கும், சூட்டால புகை மேல எழும்பறதே போயிடும். பெரும்பாலும் ஒரு வார்னிங்கோட ஓடி முடிஞ்சிரும், அந்த வார்னிங்கையும் யாரும் படிக்கறதில்ல.

அடுத்தது பக்கத்து பில்டிங். காத்து ஒரு கட்டடத்த தாண்டும்போது பின்னாடி சுழி வரும், அதுல மாட்டின புகை நேரா தரைக்கு இறங்கிடும், இதுக்குப் பேரு டவுன்வாஷ். கட்டடத்தோட உயரம், தெரியற அகலம், ரெண்டுல எது சின்னதோ அத எடுத்துக்கங்க, அதப் போல 5 மடங்கு தூரத்துக்குள்ள ஸ்டேக் இருந்தா டவுன்வாஷ் கணக்குல வரும். 20 மீட்டர் உயரம் 40 மீட்டர் அகலம்னா சின்னது 20, அப்போ 100 மீட்டர் வரைக்கும். அந்த சுழில இருந்து தப்பிக்க ஸ்டேக் எவ்வளவு உயரம் வேணும்னா கட்டட உயரத்தோட அந்தச் சின்ன அளவுல ஒன்றரை மடங்கு கூட்டணும், இங்க 20ம் 30ம் 50 மீட்டர். இதுக்கு மேல ஸ்டேக் கட்டலாம், ஆனா அமெரிக்க ரூல்ல அந்த உயரம், 65 மீட்டர், இந்த ரெண்டுல எது பெருசோ அதுக்கு மேல மாடல்ல கிரெடிட் கெடையாது, அதாவது கூடுதல் உயரத்த கணக்குல எடுத்துக்க முடியாது, உயரமா கட்டி புகைய அடுத்த ஊருக்கு அனுப்பறத தடுக்கத்தான் அந்த ரூல். கட்டட மூலைகளோட கோஆர்டினேட்ட பிபிஐபின்னு ஒரு புரோகிராம்ல குடுத்தா மிச்சத்த அது பாத்துக்கும். கட்டடத்தயே விட்டுட்டு மாடல் ஓட்டி அனுப்பறவங்க இருக்காங்க, சின்ன ஸ்டேக்கா இருந்தா ரிசல்ட் தலைகீழா மாறிடும்.

தூசிய மறந்துடாதீங்க

குவாரி, சிமெண்ட், கன்ஸ்ட்ரக்ஷன் மாதிரி எடத்துல எல்லாரும் ஸ்டேக்க பத்தியே கவலப்படுவாங்க, ஆனா வேலி ஓரத்துல பிஎம் 10 (பிஎம் 2.5ஐ விட பெரிய தூசியும் சேந்தது) எகிறறதுக்குக் காரணம் பெரும்பாலும் லாரி ஓடற மண்ணு ரோடுதான். தரையில இருந்து கெளம்பற தூசிக்கு மேல எழும்ப சூடும் இல்ல வேகமும் இல்ல, அப்படியே பக்கத்துலயே படியும். ரோட்ட வரிசையா வால்யூம் சோர்ஸா, அதாவது தூசி கெளம்பற பெட்டி பெட்டியா, வைக்கறது வழக்கம், அதோட அளவுக்கு 2012ல இபிஏ குழு ஒண்ணு ஒரு முறை குடுத்துச்சு. லாரி உயரத்த 1.7ஆல பெருக்கினா தூசி மேகத்தோட உயரம், அதுல பாதி ரிலீஸ் உயரம், ஆரம்ப செங்குத்து பரவல் அந்த மேக உயரத்த 2.15ஆல வகுத்தது. லாரி 3.5 மீட்டர்னா மேகம் 5.95, ரிலீஸ் 2.98, பரவல் 2.77. ஒரு வழி ரோடுன்னா அகலத்துக்கு லாரி அகலத்தோட 6 மீட்டர் கூட்டணும். இந்த நம்பர்கள மனசுல தோணினபடி போட்டா ரிவ்யூ பண்றவரு மொத பக்கத்துலயே புடிச்சிடுவாரு.

வேல பகல்ல மட்டும்தான்னா மாடல்லயும் மணி வாரியா அப்படியே போடுங்க. ராத்திரி காத்து அசையாம நிக்கற நேரத்துலதான் தரை தூசி அதிகமா தேங்கும், அந்த நேரம் வேலையே இல்லன்னா 24 மணி நேரமும் ஓடறதா காட்டி உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்க வேணாம். ஆனா அப்படிக் காட்டினீங்கன்னா அது அனுமதில கண்டிஷனா வந்து உக்காந்துடும், அப்புறம் நைட் ஷிஃப்ட் போட முடியாது. புரொடக்ஷன்ல கேக்காம இந்த முடிவ எடுக்காதீங்க.

மெட் டேட்டா

அமெரிக்க கைட்லைன் படி பக்கத்து வானிலை ஸ்டேஷன்ல இருந்து 5 வருஷம், இல்ல சைட்லயே அளந்த கொறஞ்சது 1 வருஷம், ரெண்டும் சரிவரலன்னா டபிள்யுஆர்எஃப் மாதிரி வானிலை மாடல்ல இருந்து 3 வருஷம். 5 வருஷம்னா 43,800 மணி நேரத்துக்கு மேல, ஒவ்வொரு மணிக்கும் மாடல் தனித்தனியா கணக்கு போடும். ஸ்டேஷன் எவ்வளவு தூரங்கறத விட அது உங்க எடத்த மாதிரி இருக்காங்கறதுதான் முக்கியம், பள்ளத்தாக்குல இருக்கற பிளாண்டுக்கு 10 கிலோமீட்டர் தள்ளி சமவெளில இருக்கற ஸ்டேஷன விட 40 கிலோமீட்டர் தள்ளி அதே மாதிரி பள்ளத்தாக்குல இருக்கறது மேல்னு வாதாடலாம்.

ஏர்மாடுக்கு வானிலை டேட்டாவ தயார் பண்ற ஏர்மெட் புரோகிராம்ல டேட்டாவ போடும்போது அடிக்கடி நடக்கற குளறுபடி மூணு. ஒண்ணு நேரம், டேட்டா யுடிசில (உலகப் பொது நேரம்) இருக்கா லோக்கல் டைம்லயான்னு பாக்காம போட்டா நடு ராத்திரில சூரியன் உதிக்கும், பகல்ல காத்து அசையாம நிக்கும். பலூன் விட்டு எடுக்கற மேல்காத்து டேட்டால காலை நேர பலூன்தான் வேணும், அமெரிக்காவுல அது 12 யுடிசி, தெற்காசியாவுல 00 யுடிசி, சாம்பிள் ஃபைல்ல இருக்கறத அப்படியே காப்பி அடிச்சா சாயங்கால பலூன எடுத்துக்கும். ரெண்டு, தரையோட கரடுமுரடு, ரஃப்னெஸ்னு சொல்றது. அத காத்த அளக்கற டவர சுத்தி 1 கிலோமீட்டருக்கு எடுக்கணும், உங்க பிளாண்ட சுத்தி இல்ல. இது அனுபவஸ்தங்களுக்கே கொழம்பும். மூணு, காலாண்டுக்கு 90 சதவீத டேட்டா முழுசா இருக்கணும், ஓட்டைய இஷ்டத்துக்கு அடைக்கக் கூடாது.

காத்தே இல்லாத மணி நேரத்த மாடல் என்ன பண்ணும்னு கேப்பாங்க. காத்து வேகம் பூஜ்யம்னா சூத்திரத்துல பூஜ்யத்தால வகுக்கணும், அதனால அந்த மணிய விட்டுடும், 24 மணி நேர சராசரில மிச்ச மணிகளோட எண்ணிக்கையால வகுக்கும், ஆனா அந்த எண்ணிக்கை 18க்கு கீழ போனா 18ஆலதான் வகுக்கும். அமைதியான மணிகள் நெறைய இருக்கற ஸ்டேஷன்னா ரிசல்ட் நெஜத்த விட கம்மியா வர வாய்ப்பு இருக்கு, ரிப்போர்ட்ல நீங்களே இதப் பத்தி நாலு வரி எழுதிடுங்க, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி.

ரிசெப்டரும் மேடு பள்ளமும்

ரிசெப்டர்ங்கறது மாடல் கணக்கு போடற புள்ளி. வேலி ஓரமா 25ல இருந்து 50 மீட்டருக்கு ஒண்ணு, வெளிய போகப் போக இடைவெளிய கூட்டிக்கலாம். பொதுமக்கள் நுழைய முடியாத எடம்தான் கணக்குல வராது, வேலியே இல்லாத பக்கம் உங்க நெலமா இருந்தாலும் அங்கயும் புள்ளி வைக்கணும். ஸ்கூல், ஆஸ்பத்திரி, வீடுகளுக்குத் தனிப் புள்ளி. மேடு பள்ளத்துக்கு எஸ்ஆர்டிஎம் மாதிரி விண்வெளில இருந்து எடுத்த உயர டேட்டாவ ஏர்மேப்ங்கற புரோகிராம்ல குடுத்தா போதும், ஆனா கட்டடமும் ஸ்டேக்கும் ரிசெப்டரும் எல்லாம் ஒரே கோஆர்டினேட் முறைல, ஒரே ஸோன்ல இருக்கணும்.

ஸ்கிரீனிங்ல ஆரம்பிங்க

முழு மாடலுக்கு முன்னாடி ஏர்ஸ்கிரீன்னு இருக்கற சின்ன மாடல ஓட்டிப் பாருங்க. அது மோசமான வானிலைய தானே உருவாக்கி மேக்ஸிமத்த சொல்லும், வேணும்னே கூடத்தான் காட்டும். அதுலயே லிமிட்டுக்கு ரொம்ப கீழ இருந்தா சில ரெகுலேட்டர் அதோட விட்டுடுவாங்க, ஃபெயில் ஆனா பதற வேணாம், முழு மாடல் போடணும்னு மட்டும்தான் அர்த்தம். நான் சொல்றது என்னன்னா இத டிசைன் ஸ்டேஜ்லயே ஓட்டுங்க, ஸ்டேக்க 10 மீட்டர் தள்ளி வைக்கறது பேப்பர்ல ஒரு கோடு, ஃபவுண்டேஷன் போட்டதுக்கு அப்புறம் அது ஒரு புராஜெக்ட்.

ரிசல்ட் வந்ததும் நம்பாதீங்க, மொதல்ல சந்தேகப்படுங்க

மேக்ஸிமம் எங்க வந்துச்சு, எந்த தேதி, எந்த மணின்னு எடுங்க. அந்த மணியோட காத்து திசைய பாருங்க. காத்து திசைனா எங்க இருந்து வீசுதுன்னுதான் அர்த்தம், மேற்குக் காத்துன்னா புகை கிழக்க போகும், மேக்ஸிமம் மேற்க வந்திருந்தா எங்கயோ தலைகீழா இருக்கு. தரை தூசின்னா மேக்ஸிமம் வேலி ஓரத்துல, காத்து மெதுவா இருக்கற ராத்திரிலயோ விடியக்காலைலயோ வரணும். சமதரைல இருக்கற உயரமான சூடான ஸ்டேக்னா கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் வெயில் நேரத்துல, ஏன்னா அப்போதான் காத்து மேலயும் கீழயும் கலங்கி புகைய தரைக்கு இறக்கும். 60 மீட்டர் ஸ்டேக்குக்கு ராத்திரி 2 மணிக்கு வேலி ஓரத்துல மேக்ஸிமம்னா டவுன்வாஷ் காரணமா இருக்கலாம், இல்ல நேரம் தப்பு, எதுன்னு கண்டுபிடிக்காம மேல போகாதீங்க. மேக்ஸிமம் கிரிட்டோட (ரிசெப்டர் புள்ளிகளோட வலை) ஓரத்துல வந்தா கிரிட்ட பெருசாக்குங்க, அகல இடைவெளி உள்ள எடத்துல வந்தா அங்க மட்டும் நெருக்கமா புள்ளி போட்டு மறுபடி ஓட்டுங்க.

மாடல் எவ்வளவு துல்லியம்னு கேட்டா, இபிஏ கைட்லைனே அதிகபட்ச வேல்யூல 10ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் பிழை சாதாரணம்னு சொல்லுது, அதுவும் எங்கயோ எப்பவோ வர்ற மேக்ஸிமத்துக்கு. குறிப்பிட்ட மணில குறிப்பிட்ட எடத்துலன்னு கேட்டா அந்த அளவு கூட ஒத்துப் போகாது. அதனால லிமிட் 60, நம்ம ரிசல்ட் 59.8ன்னு ரிப்போர்ட் குடுத்தா சட்டப்படி பாஸ் ஆகலாம், ஆனா ரிவ்யூ பண்றவரு ஒவ்வொரு இன்புட்டையும் உரிச்சுப் பாப்பாரு.

இதோட பேக்ரவுண்ட கூட்டணும். உங்க பிளாண்ட் இல்லாமலே அங்க ஏற்கனவே இருக்கற அளவு, பக்கத்து மானிட்டர்ல இருந்து. பக்கத்து பெரிய ஃபேக்டரிய மாடல்ல தனியா சேத்துட்டு, அதே ஃபேக்டரி புகை பட்ட மானிட்டரயும் பேக்ரவுண்டா கூட்டினா ரெண்டு தடவ எண்ணினதாகும், அத விளக்கி கழிக்கலாம். என்ஓ2வுக்கு இன்னொரு படி இருக்கு, ஸ்டேக்ல இருந்து வர்றது பெரும்பாலும் என்ஓ (நைட்ரிக் ஆக்சைடு), அது ஓசோனோட சேந்துதான் என்ஓ2 ஆகுது. மொத முறை எல்லாமே என்ஓ2ன்னு எடுக்கறது, ரெண்டாவது ஏஆர்எம்2ங்கற முறை, அது மொத்தத்துல என்ஓ2வோட பங்குன்னு 0.5ல இருந்து 0.9 வரைக்கும் விகிதம் போடும், மூணாவதுக்கு மணி வாரியா ஓசோன் டேட்டா வேணும். மொத முறைலயே பாஸ் ஆனா அதோட நிறுத்துங்க, சும்மா கஷ்டப்படாதீங்க.

ஃபெயில் ஆனா

எந்த சோர்ஸால ஃபெயில் ஆகுதுன்னு மொதல்ல பிரிங்க. ஒவ்வொரு சோர்ஸையும் தனி குரூப்பா போட்டு ஓட்டினா, அந்தப் புள்ளில அந்த மணில யாரோட பங்கு எவ்வளவுன்னு வந்துடும். நிறைய தடவ ஒரே ஒரு சின்ன பைப்தான் வில்லன், பெரிய பாய்லர் இல்ல. அப்புறம் செலவு கம்மியான வரிசைல போங்க, தொப்பிய கழட்டறது, பைப்ப மேல பாக்க திருப்பறது, வேலி ஓரத்துல இருக்கறத உள்ள தள்றது, ரோட்டுக்கு தார் போடறது, ஸ்டேக்க உயர்த்தறது, வேலை நேரத்த மாத்தறது, கடைசில ஃபில்டரோ ஸ்க்ரப்பரோ. இதுல எதப் பண்ணினாலும் மாடல்ல போட்டது சைட்ல இருக்கணும்.

ஃபெயில் ஆகற புள்ளில ஏற்கனவே மத்தவங்களாலயே லிமிட் தாண்டியிருந்தா, உங்க பங்கு அந்த எடத்துல அந்த நேரத்துல சொற்பம்னு காட்டற வழி சில ரூல்ல உண்டு. அமெரிக்காவுல 24 மணி நேர பிஎம் 2.5க்கு அந்த அளவு 1.2 மைக்ரோகிராம், 1 மணி நேர என்ஓ2க்கு 4 பிபிபி. இது எல்லா நாட்டுலயும் கெடையாது, இருக்கற எடத்துலயும் ஜாக்கிரதையா எழுதணும்.

இன்னொரு வழிய யாரும் சொல்ல மாட்டாங்க ஆனா நெறைய பேரு பண்றாங்க, வேற மெட் ஸ்டேஷன், வேற வருஷம்னு பாஸ் ஆகற வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்றது. புரோட்டோகால் முன்னாடியே போட்டிருந்தா அந்த ஆசையே வராது, அதுக்காகவும்தான் அத மொதல்ல எழுதச் சொன்னேன்.

அனுப்பும்போது

ரிப்போர்ட்டோட இன்புட் ஃபைல், மெட் ஃபைல், பில்டிங் ஃபைல், எமிஷன் கணக்கு போட்ட எக்ஸெல் எல்லாத்தையும் சேத்து குடுங்க, எக்ஸெல்ல நம்பர மட்டும் ஒட்டாம ஃபார்முலாவோட குடுங்க. அவங்க அதே ஃபைல ஓட்டினா அதே நம்பர் வரணும், வரலன்னா அங்கயே நம்பிக்கை போயிடும். வேலியும் ஸ்டேக்கும் கட்டடமும் ரிசெப்டரும் சாட்டிலைட் படத்து மேல தெரியற மாதிரி ஒரு மேப் வைங்க, பாதி கேள்வி அந்த ஒரு மேப்லயே அடங்கிடும். அனுமதி வந்ததும் அதுல இருக்கற எமிஷன் லிமிட், வேலை நேரம், ஸ்டேக் உயரம் எல்லாம் மாடல்ல நீங்க போட்டதோட ஒத்துப் போகுதான்னு வரிக்கு வரி பாருங்க, டைப்பிங்ல 45 மீட்டர் 35 ஆகியிருக்கும், அத அப்பவே சொல்லி திருத்த வைக்கறது ஒரு லெட்டர், ரெண்டு வருஷம் கழிச்சு இன்ஸ்பெக்ஷன்ல தெரிஞ்சா ஷோகாஸ் நோட்டீஸ்.